பிரிட்டனில் முட்டையும் கறியும் வாங்குவது எப்படி: புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஊரில் கறிக்கடைக்காரரிடம் "பிராய்லரா, நாட்டுக்கோழியா?" என்று ஒரு கேள்வி கேட்டால் விஷயம் முடிந்துவிடும். பிரிட்டனில் ஒரு சூப்பர்மார்க்கெட்டின் கோழி அலமாரி முன்னால் நின்றால் அந்தக் கேள்விக்கு யாரும் பதில் சொல்ல மாட்டார்கள். பொட்டலங்கள்தான் பேசும். ஒன்றில் தேசியக் கொடி, ஒன்றில் டிராக்டர் படம், ஒன்றில் பச்சைப் புல்வெளி, ஒன்றில் ஏதோ ஒரு பண்ணையின் பெயர். இதில் எது அந்தக் கோழி வாழ்ந்த வாழ்க்கையைச் சொல்கிறது, எது வெறும் அலங்காரம் என்று பிரித்தறியத் தெரிந்தால் போதும், பாதி வேலை முடிந்த மாதிரி.

சைவமாக மாறச் சொல்வதற்காக இதை எழுதவில்லை. சாப்பிடுவது என்று முடிவு செய்தபின், கொஞ்சமாவது நல்லபடியாக வளர்த்ததை வாங்க நினைப்பவர்களுக்கும், அதற்காகச் சம்பளத்தில் பாதியைக் கொடுக்க முடியாதவர்களுக்கும் எழுதுகிறேன். என் கருத்து ஒன்றுதான்: எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற வேண்டாம். முதலில் முட்டை, அடுத்து கோழி, அப்புறம் பன்றி. ஆடும் மாடும் கடைசி. மிக மோசமான வளர்ப்புக்கும் நல்ல வளர்ப்புக்கும் உள்ள தூரம் இந்த வரிசையில்தான் குறைந்துகொண்டே போகிறது. காசும் இந்த வரிசையில் போனால்தான் பயன் அதிகம்.

முதல் படி: கொடியை நம்பி வாங்காதீர்கள்

பொட்டலத்தில் இரண்டு கேள்விகளுக்குப் பதில் தேடுங்கள். இது எந்த நாட்டில் வளர்ந்தது? எப்படி வளர்ந்தது? கொடி முதல் கேள்விக்கு மட்டும்தான் பதில். பிரிட்டிஷ் என்று போட்டிருந்தாலே வெளியில் மேய்ந்தது என்று அர்த்தமில்லை. இங்குள்ள கறிக்கோழிகளில் பெரும்பாலானவை வாழ்நாளில் வெளியே கால் வைக்காதவை.

நாட்டைத் தெரிந்துகொள்ளப் பின்பக்கத்துச் சிறிய எழுத்தைப் படியுங்கள். பொட்டலமிட்ட பச்சைக் கோழி, பன்றி, செம்மறி, வெள்ளாட்டுக் கறிக்கு எங்கே வளர்த்தார்கள், எங்கே அறுத்தார்கள் என்று குறிப்பிட வேண்டும் என்பது 2015 முதல் விதி. 'ஒரிஜின் யூகே' என்று மட்டும் எழுதியிருந்தால் அந்த விலங்கு பிறந்தது, வளர்ந்தது, அறுக்கப்பட்டது எல்லாமே இங்கேதான். மாட்டுக்கறிக்கு இந்த விவரங்கள் அதற்கும் முன்பிருந்தே கட்டாயம். முட்டை வடிவ வளையத்துக்குள் யூகே என்று எழுதி ஒரு எண் இருக்கும். அதைப் பார்த்து ஏமாறாதீர்கள். அது கடைசியாகக் கறியைக் கையாண்ட அல்லது பொட்டலமிட்ட ஆலையின் எண்தான். விலங்கு டென்மார்க்கில் வளர்ந்திருக்கலாம்.

பேக்கன், ஹாம், சாசேஜ் வாங்கும்போது இன்னும் கவனம் தேவை. 'யூகேயில் தயாரிக்கப்பட்டது' என்று பெரிதாகவும், 'ஐரோப்பிய ஒன்றியத்துப் பன்றிக்கறியைக் கொண்டு' என்று பொடி எழுத்திலும் போட்டிருப்பார்கள். இரண்டாவதுதான் உண்மைத் தகவல்.

பண்ணைப் பெயர்களைக் கண்டும் மயங்க வேண்டாம். 2016இல் டெஸ்கோ சூப்பர்மார்க்கெட் 'வில்லோ ஃபார்ம்ஸ்', 'உட்சைடு ஃபார்ம்ஸ்', 'பாஸ்வெல் ஃபார்ம்ஸ்' என்று ஒரு வரிசையை இறக்கியது. அப்படிப் பண்ணைகளே கிடையாது, எல்லாம் விளம்பரத்துக்கு வைத்த பெயர்கள். இங்கிலாந்து விவசாயிகள் சங்கமே அதை எதிர்த்துப் புகார் கொடுத்தது. 'ஃபார்ம் ஃப்ரெஷ்', 'நேச்சுரல்', 'கன்ட்ரி' போன்ற சொற்களுக்கும் வளர்ப்புக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

இரண்டாம் படி: முட்டை ஓட்டின் முதல் எண்

பெட்டியைத் திறங்கள். இங்கே எல்லோரும் உடைசல் இருக்கிறதா என்று திறந்துதான் பார்ப்பார்கள், யாரும் முறைக்க மாட்டார்கள். ஒவ்வொரு முட்டையின் ஓட்டிலும் மையால் அச்சிட்ட ஒரு வரி இருக்கும். முதலில் ஒற்றை எண், அடுத்து நாட்டைக் குறிக்கும் இரண்டு எழுத்து, பிறகு பண்ணையின் எண். அந்த முதல் எண்ணை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

3 என்றால் கூண்டு. பழைய பேட்டரிக் கூண்டு 2012இல் தடை செய்யப்பட்டுவிட்டது. இப்போது இருப்பது கொஞ்சம் பெரிய, பல கோழிகளை ஒன்றாக அடைக்கும் கூண்டு. முட்டையிட ஒரு மறைப்பு, உட்கார ஒரு கம்பி, நகத்தால் கீற ஒரு சிறு பாய் இருக்கும். ஒரு கோழிக்கு 750 சதுர சென்டிமீட்டர் இடம். அலுவலகத்தில் பயன்படுத்தும் ஏ4 தாளே 624 சதுர சென்டிமீட்டர் வரும், பார்த்துக்கொள்ளுங்கள். பெட்டியின் மேல் 'எக்ஸ் ஃப்ரம் கேஜ்டு ஹென்ஸ்' என்று எழுதியே ஆக வேண்டும். ஆனால் யாருக்கும் அதைப் பெரிதாக அச்சடிக்க மனம் வராது, தேடித்தான் படிக்க வேண்டும்.

2 என்றால் பார்ன். கூண்டு இல்லை, பெரிய கொட்டகைக்குள் நடக்கலாம், ஏறி உட்காரலாம், தரையைக் கிளறலாம். ஒரு சதுர மீட்டருக்கு 9 கோழி வரை. வெளியே போக முடியாது.

1 என்றால் ஃப்ரீ ரேஞ்ச். உள்ளே அதே 9 கோழிக் கணக்குதான், ஆனால் பகலில் சுவரிலுள்ள சிறு கதவுகள் வழியாக வெளியே போகலாம். வெளியே ஒரு கோழிக்கு 4 சதுர மீட்டர் நிலம் இருக்க வேண்டும். எல்லாக் கோழியும் போய்விடும் என்று நினைக்காதீர்கள். மரமோ புதரோ இல்லாத வெட்டவெளியில் கால் வைக்கக் கோழிக்குப் பயம். மேலே பருந்து வட்டமிடும் என்ற அச்சம் அதன் ரத்தத்திலேயே இருக்கிறது. மரம் நட்ட மேய்ச்சல் நிலத்தில் துணிந்து தூரம் போகும். 'வுட்லேண்ட்' என்ற சொல்லோடு சில ஃப்ரீ ரேஞ்ச் முட்டைகள் விற்பதன் காரணம் இதுதான். கிடைத்தால் அதை எடுங்கள்.

0 என்றால் ஆர்கானிக். உள்ளே சதுர மீட்டருக்கு 6 கோழி, வெளியே போக வழி, ரசாயன உரமும் பூச்சிமருந்தும் இல்லாமல் விளைந்த தீவனம். அதோடு, ஆர்கானிக் சான்று தரும் அமைப்பான சாயில் அசோசியேஷனின் முத்திரையும் இருந்தால் இன்னும் கண்டிப்பு. ஒரு கொட்டகையில் 2,000 கோழிக்கு மேல் வைப்பது அபூர்வம், அலகு நுனியை வெட்டக் கூடாது. மற்ற வளர்ப்புகளில், ஃப்ரீ ரேஞ்ச் உட்பட, ஒன்றையொன்று கொத்திவிடாமல் இருக்க ஒரு நாள் குஞ்சிலேயே அகச்சிவப்புக் கதிரால் அலகு நுனியைச் சுட்டுவிடுவது வழக்கம்.

சைன்ஸ்பரிஸ், வெயிட்ரோஸ், எம் அண்ட் எஸ், கோ-ஆப் கடைகள் கூண்டு முட்டையைப் பெட்டியில் விற்பதை எப்போதோ நிறுத்திவிட்டன. மற்ற பெரிய கடைகளும் 2025க்குள் நிறுத்துவதாக உறுதி சொல்லியிருந்தன. ஆகவே பெரிய கடைகளில் மலிவு முட்டை என்றால் இப்போது பெரும்பாலும் 2ஆம் எண்தான். 3 இன்னும் கண்ணில் படுவது நம் ஆட்கள் போகும் இடங்களில்தான்: முப்பது முட்டைத் தட்டு அடுக்கியிருக்கும் ஆசியக் கடைகள், மொத்த விற்பனைக் கடைகள். தட்டில் ஒன்றும் எழுதியிருக்காது. ஓட்டைத் திருப்பிப் பாருங்கள். யூகே என்பதற்குப் பதில் பி எல் இருந்தால் போலந்து, இ எஸ் இருந்தால் ஸ்பெயின்.

3இலிருந்து 1க்கு மாற ஒரு முட்டைக்குச் சில பென்ஸ்தான் கூடும். இந்தக் கட்டுரையிலேயே மிகச் சுலபமான மாற்றம் இது. முடிந்தவர்கள் இன்றைக்கே செய்துவிடலாம்.

முட்டையைப் பற்றி இன்னும் சில விஷயங்கள். தமிழ்நாட்டில் பழுப்பு முட்டையை நாட்டுக்கோழி முட்டை என்று கூடுதல் விலைக்கு விற்பார்கள். நாமக்கல் வெள்ளை முட்டையையே பார்த்து வளர்ந்த கண்ணுக்கு இங்கே அலமாரி முழுக்கப் பழுப்பாக இருப்பது ஆனந்தமாகத் தெரியும். அந்த நிறம் கோழியின் ரகத்தால் வருவது, கூண்டு முட்டையும் இங்கே பழுப்புதான். மஞ்சள் கருவின் ஆரஞ்சு நிறமும் அப்படியே, தீவனத்தில் எதைச் சேர்த்தார்கள் என்பதைப் பொறுத்தது.

சிவப்பு நிறச் சிங்க முத்திரை பாதுகாப்புக்கானது. கோழிகளுக்கு சால்மொனெல்லா தடுப்பூசி போட்டிருக்கிறார்கள், முட்டை எந்தப் பண்ணையிலிருந்து வந்தது என்று தடம் பிடிக்க முடியும் என்பதே அதன் பொருள். சிங்கம் போட்ட முட்டையைக் கரு இளகியிருக்கச் சாப்பிடலாம், கர்ப்பிணிகளும் குழந்தைகளும் முதியவர்களும்கூட, என்று உணவுத் தரக் கழகம் 2017இல் அறிவித்தது. ஆஃப்பாயில் பிரியர்கள் நிம்மதியாக இருக்கலாம். ஆனால் கூண்டு முட்டையிலும் அந்தச் சிங்கம் இருக்கும். அதனால் சிங்கத்தைப் பார்த்தபிறகு எண்ணையும் பாருங்கள்.

பறவைக் காய்ச்சல் பரவும் மாதங்களில் எல்லாக் கோழிகளையும் உள்ளேயே வைக்கச் சொல்லி அரசு உத்தரவு போடும். முன்பு 16 வாரம் தாண்டினால் ஃப்ரீ ரேஞ்ச் என்ற பெயரை எடுக்க வேண்டியிருந்தது. இங்கிலாந்தில் 2025 தொடக்கத்திலிருந்து அந்த வரம்பு இல்லை, உத்தரவு நீடிக்கும்வரை பெயர் அப்படியே இருக்கலாம். கிராமத்துப் பக்கம் போனால் பண்ணை வாசலில் முட்டைப் பெட்டிகளும் காசு போட ஒரு டப்பாவும் வைத்திருப்பார்கள். அவற்றின் ஓட்டில் முத்திரை இல்லாவிட்டால் சந்தேகப்பட வேண்டாம், நேரடியாக விற்கும் பண்ணைக்கு அது கட்டாயமில்லை. கோழிகளே பெரும்பாலும் எதிரில் நிற்கும்.

ஒன்றை மறைக்கக் கூடாது. முட்டையிடும் ரகத்தில் பொரியும் சேவல் குஞ்சுகளை முதல் நாளே கொன்றுவிடுகிறார்கள். 0, 1, 2, 3 எல்லா எண்ணுக்கும் இது பொது.

மூன்றாம் படி: மூன்று முத்திரைகளைப் பழகுங்கள்

கறிக்கு முட்டை மாதிரி எண் கிடையாது. முத்திரையும் சொல்லும்தான்.

ரெட் டிராக்டர்: 2000இல் தொடங்கியது, எங்கு பார்த்தாலும் இருக்கும். பிரிட்டனில் வளர்ந்தது, சட்டத்தின் அடிப்படை விதிகளும் அதற்கு மேல் கொஞ்சமும் பின்பற்றப்பட்டிருக்கின்றன என்று பொருள். இதுதான் அடிமட்ட நிலை. வேறு ஒன்றும் எழுதாமல் இந்த முத்திரை மட்டும் இருந்தால் உள்ளே அடைத்து வளர்த்தது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆர்எஸ்பிசிஏ அஷ்யூர்டு: ஆர்எஸ்பிசிஏ என்ற விலங்குவதைத் தடுப்பு அமைப்பின் முத்திரை. 1994இல் 'ஃப்ரீடம் ஃபுட்' என்று தொடங்கி 2015இல் பெயர் மாறியது. கூண்டும், தாய்ப்பன்றியை நெருக்கி நிறுத்தும் இரும்புச் சட்டமும் கூடாது. கோழிக்கு மெதுவாக வளரும் ரகம் வேண்டும். ஆனால் உள்ளேயே வளர்க்கவும் இது அனுமதிக்கும். 2024இல் இந்த முத்திரை பெற்ற பண்ணைகளில் ரகசியமாக எடுத்த காணொளிகள் வெளியாகிப் பெரிய சர்ச்சையானது. ஆர்எஸ்பிசிஏவின் தலைவராக இருந்த கிறிஸ் பேக்கம் அந்த ஆண்டு இறுதியில் பதவி விலகினார். அதனால் இதைத் தூக்கி எறிய வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. நடுத்தர விலையில் எட்டக்கூடிய முத்திரை வேறு இல்லை. கண்ணை மூடிக்கொண்டு நம்பவும் வேண்டாம்.

ஆர்கானிக்: சட்டம் காக்கும் சொல், யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ள முடியாது. 1946இல் தொடங்கிய சாயில் அசோசியேஷனின் வட்ட முத்திரைதான் அதில் அதிகம் தென்படும், அதன் விதிகள் அடிப்படை ஆர்கானிக் விதிகளைவிடக் கடுமை. விலையும் அப்படியே.

நான்காம் படி: கோழிக்கறி

'கேஜ் ஃப்ரீ' என்று கோழிக்கறியில் எழுதியிருந்தால் சிரித்துவிட்டு நகருங்கள். கறிக்கோழியை இங்கே யாருமே கூண்டில் வளர்ப்பதில்லை. அதன் பிரச்சினை வேறு: நெருக்கமும் ரகமும்.

சாதாரணக் கோழி ஏறக்குறைய ஐந்து வாரத்தில் இரண்டு கிலோ தாண்டும்படி உருவாக்கப்பட்ட ரகம். நெஞ்சுக்கறி வளரும் வேகத்துக்குக் காலும் இதயமும் ஈடுகொடுக்காமல் தடுமாறும். சட்டப்படி ஒரு சதுர மீட்டரில் 39 கிலோ வரை அடைக்கலாம். இரண்டு கிலோக் கோழி என்று வைத்துக்கொண்டால் 19 கோழி. 2023, 2024இல் சைன்ஸ்பரிஸ், மாரிசன்ஸ், டெஸ்கோ உள்ளிட்ட பல கடைகள் தங்கள் சொந்தப் பெயரில் விற்கும் பச்சைக் கோழிக்கு இதை 30 கிலோவாகக் குறைத்தன. பொட்டலத்தில் 'கூடுதல் இடம்' என்று எழுதியிருப்பது இதைத்தான். நல்ல மாற்றம், ஆனால் பெரும்பாலும் ரகம் அதே வேகமான ரகம்தான்.

அடுத்த படி மெதுவாக வளரும் ரகம். எம் அண்ட் எஸ் 2022இலேயே தன் பச்சைக் கோழி முழுவதையும் இதற்கு மாற்றிவிட்டது. மற்ற கடைகளில் ஆர்எஸ்பிசிஏ அஷ்யூர்டு முத்திரையைத் தேடுங்கள். வெளியே போகாவிட்டாலும் நேராக நடக்க முடிகிற கோழி என்பதே பெரிய வித்தியாசம். காசுக்குக் கிடைக்கும் பலனைப் பார்த்தால் கோழியில் இந்த இடத்தைத்தான் நான் பரிந்துரைப்பேன்.

ஃப்ரீ ரேஞ்ச் என்றால் குறைந்தது 56 நாள் வளர்ந்திருக்க வேண்டும், வெளியே போகவும் வழி இருந்திருக்க வேண்டும். 'டிரெடிஷனல் ஃப்ரீ ரேஞ்ச்' என்றால் 81 நாள். ஆர்கானிக் கோழிக்கு உள்ளே சதுர மீட்டருக்கு 21 கிலோதான், வெளியே ஒவ்வொன்றுக்கும் 4 சதுர மீட்டர். வழக்கமாக 70 நாளுக்கு மேல் வளரும். விலை சாதாரணக் கோழியைப் போல மூன்று மடங்குகூட ஆகலாம். 'கார்ன் ஃபெட்' என்ற மஞ்சள் தோல் கோழி மக்காச்சோளம் தின்றது, அவ்வளவுதான். ஃப்ரீ ரேஞ்ச் என்று தனியாகப் போடாவிட்டால் அதுவும் உள்ளே வளர்ந்ததே.

முழுக்கோழி வாங்குகிறவர்கள் முத்திரையை நம்பாமல் கண்ணாலேயே ஒன்றைச் சோதிக்கலாம். பொட்டலத்தைச் சாய்த்து, கால் முடிகிற மூட்டைப் பாருங்கள். பாதத்தை வெட்டிய இடத்துக்குச் சற்று மேலே, மூட்டின் பின்பக்கத்தில், பழுப்பாகவோ கறுப்பாகவோ ஒரு தழும்பு தெரிகிறதா? ஈரமான எச்சத்தின் மேல் அதிக நேரம் உட்கார்ந்தே கிடந்த கோழிக்கு அம்மோனியா சுட்டு வரும் புண் அது. நடக்க முடியாமல் கிடந்த கோழிக்கும் வரும். அலமாரியில் பக்கத்துப் பக்கத்தில் நான்கைந்து கோழியிலும் அதே அடையாளம் இருந்தால் அந்தக் கொட்டகை எப்படி இருந்திருக்கும் என்று ஊகிக்கலாம். தோல் உரித்துத் துண்டு போட்டு வாங்கினால் இது தெரியவே தெரியாது. நம்மவர்கள் பெரும்பாலும் அப்படித்தான் வாங்குகிறோம்.

ஐந்தாம் படி: பன்றிக்கறியில் மூன்று சொற்கள்

இங்கே மட்டும் 'பிரிட்டிஷ்' என்ற சொல்லுக்குத் தனி மதிப்பு உண்டு. சினைப்பன்றி திரும்பவே முடியாத ஒற்றைக் கூண்டை பிரிட்டன் 1999இல் முழுதாகத் தடை செய்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2013இல்தான் கொண்டுவந்தது, அதிலும் முதல் நான்கு வாரத்துக்கு விலக்கு. ஆண் குட்டிகளுக்குக் காயடிப்பதும் பிரிட்டிஷ் பண்ணைகளில் வழக்கத்தில் இல்லை. அதே நேரம், குட்டி போட்ட தாயைச் சில வாரங்கள் இரும்புச் சட்டத்துக்குள் நிறுத்துவது இங்கேயும் நடக்கிறது.

கவனிக்க வேண்டிய சொற்கள்: 'அவுட்டோர் பிரெட்' என்றால் குட்டி வெளியே பிறந்தது, பால் மறந்ததும் கொட்டகைக்குள் வந்துவிட்டது, தாய் மட்டும் வெளியிலேயே இருக்கும். 'அவுட்டோர் ரியர்டு' என்றால் குட்டியும் வாழ்நாளில் சுமார் பாதியை வெளியே கழித்தது. 'ஃப்ரீ ரேஞ்ச்' என்றால் முழுக்க வெளியே. முதல் இரண்டும் ஒன்று போலவே காதில் விழும், கடையில் நின்று நிதானமாகப் படியுங்கள். வெயிட்ரோஸ், எம் அண்ட் எஸ் கடைகளின் பச்சைப் பன்றிக்கறி குறைந்தபட்சம் அவுட்டோர் பிரெட். இதையெல்லாம் யோசிக்க நேரமில்லை என்றால், பேக்கனிலும் ஹாமிலும் பிரிட்டிஷ் பன்றியா என்று மட்டும் பார்த்து வாங்கினாலே ஓரளவு முன்னேற்றம்தான்.

ஆறாம் படி: ஆடும் மாடும்

செம்மறி விஷயத்தில் அதிகம் கவலைப்பட வேண்டாம். வேல்ஸ், கம்ப்ரியா, ஸ்காட்லாந்து மலைகளில் புல் மேய்ந்துதான் பெரும்பாலான பிரிட்டிஷ் ஆடுகள் வளர்கின்றன. ஓராண்டுக்குள் லாம்ப், ஒன்றிலிருந்து இரண்டு ஆண்டு ஹாகெட், அதற்கு மேல் மட்டன். குழம்புக்கு ஹாகெட்டும் மட்டனும்தான் ருசி, விலையும் பெரும்பாலும் குறைவு. வாரம் ஒருநாள் பிராய்லரைக் குறைத்து மட்டன் குழம்பு வைப்பது, ஒரு கோணத்தில், நல்ல வளர்ப்புக்கு மாறுவதுதான். சூப்பர்மார்க்கெட்டில் வசந்த காலத்தில் நியூசிலாந்து ஆடு அதிகம் வரும். பிரிட்டிஷ் லாம்ப் தாராளமாகக் கிடைப்பது கோடைக்குப் பின்.

வெள்ளாட்டுக்கறி தேடுகிறவர்களுக்கு நல்ல முத்திரை ஒன்றும் இல்லை, கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். பால் பண்ணைகளில் பிறக்கும் கிடாய்க் குட்டிகளைப் பிறந்தவுடன் கொன்றுவிடும் வழக்கம் இங்கே இருந்தது. அவற்றைக் கறிக்காக வளர்த்து விற்கும் பண்ணைகள் இப்போது சில இருக்கின்றன. அங்கே வாங்கினால் இரட்டை நன்மை.

மாட்டுக்கறி சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு வரி: 'கிராஸ் ஃபெட்' என்பதற்குச் சட்ட வரையறை இல்லை, 'பாஸ்ச்சர் ஃபார் லைஃப்' முத்திரை இருந்தால் வாழ்நாள் முழுக்கப் புல்தான் என்று நம்பலாம்.

ஏழாம் படி: கறிக்கடையில் வாயைத் திறந்து கேளுங்கள்

லண்டனில் ஈஸ்ட் ஹாம், டூட்டிங், வெம்பிளி, ஹாரோ பக்கம் இருப்பவர்கள் கறியைச் சூப்பர்மார்க்கெட்டில் வாங்குவதே குறைவு. எலும்போடு குழம்புத் துண்டாக வெட்டித் தர வேறு எங்கே ஆள் இருக்கிறார்கள்? அங்கே கண்ணாடிக்குப் பின்னால் குவித்து வைத்த கறியில் ஒட்டுச்சீட்டே இருக்காது. ஆனால் அந்தக் கறி ஒரு பெட்டியில்தான் வந்திருக்கும், பெட்டியில் எல்லாம் எழுதியிருக்கும். கூட்டமில்லாத வாரநாள் காலையில் போய், "அண்ணா, இந்தக் கோழி எந்த நாடு? வந்த பெட்டியைக் கொஞ்சம் காட்டுறீங்களா?" என்று கேளுங்கள். "ஓம், உள்ளுக்குக் கிடக்கு, பாருங்கோ" என்று எடுத்துக் காட்டுகிற கடைக்காரர்கள் இருக்கிறார்கள். முகம் சுளிப்பவர்களும் உண்டு. யாரிடம் தொடர்ந்து வாங்குவது என்று அதிலேயே தெரிந்துவிடும். ஃப்ரீ ரேஞ்ச் வேண்டும் என்று நாலு பேர் சேர்ந்து முன்கூட்டிச் சொன்னால் வரவழைத்துத் தரவும் தயங்க மாட்டார்கள், அவர்களுக்கு அது வியாபாரம்.

இந்தக் கடைகளில் பல ஹலால் கடைகள். அறுப்பதற்கு முன் விலங்கை மயக்கமடையச் செய்ய வேண்டும் என்பது பிரிட்டிஷ் சட்டம், மத முறைக்கு விலக்கு உண்டு. ஹலால் என்றாலே மயக்காமல் அறுத்தது என்று பலர் நினைக்கிறார்கள், அப்படி இல்லை. ஹலால் சான்று தரும் அமைப்புகளில் ஹெச்எஃப்ஏவின் முத்திரை மயக்குவதை ஏற்கிறது, ஹெச்எம்சியின் முத்திரை ஏற்பதில்லை. எது வேண்டும் என்பது அவரவர் நம்பிக்கை, தெரிந்து வாங்குங்கள். ஆர்எஸ்பிசிஏ அஷ்யூர்டுக்கும் சாயில் அசோசியேஷனுக்கும் மயக்குவது கட்டாயம். அதனால் இவற்றோடு ஹெச்எம்சி முத்திரையைச் சேர்த்துத் தேடினால் கிடைக்காது. ஹலாலும் வேண்டும், வெளியில் மேய்ந்ததும் வேண்டும் என்பவர்களுக்காகவே நடக்கும் பண்ணைகள் உண்டு. ஆக்ஸ்ஃபோர்டுஷயரிலுள்ள வில்லோபுரூக் ஃபார்ம் அவற்றில் ஒன்று.

வார இறுதி உழவர் சந்தைகளில் விற்பவரே பெரும்பாலும் வளர்த்தவராக இருப்பார். அவரிடம் "ஃப்ரீ ரேஞ்சா?" என்று கேட்பதைவிட "எத்தனை நாளில் அறுக்கிறீர்கள்? எந்த ரகம்?" என்று கேளுங்கள். வளர்த்தவர் உடனே சொல்லிவிடுவார். வீட்டுக்கே வர வேண்டும் என்றால் ரிவர்ஃபோர்ட், ஏபிள் அண்ட் கோல் போன்ற ஆர்கானிக் பெட்டிச் சேவைகள் இருக்கின்றன. வசதிதான், விலையைப் பார்த்துவிட்டுச் சேருங்கள்.

எட்டாம் படி: பர்ஸைக் காப்பாற்றுவது

நெஞ்சுக்கறி மட்டும் வாங்கினால் ஃப்ரீ ரேஞ்ச் கட்டாது. முழுக்கோழியாக வாங்குங்கள், கிலோ விலை நன்றாகக் குறையும். காலும் தொடையும் குழம்புக்கு, நெஞ்சு மறுநாள் வறுவலுக்கு, கூடும் கழுத்தும் இறக்கையும் மிளகு தட்டிப் போட்ட எலும்பு ரசத்துக்கு. வெட்டத் தெரியாதவர்களுக்குப் கறி வெட்டித் தரும் பிரிவு இன்னும் உள்ள சூப்பர்மார்க்கெட்டிலோ தெருமுனைக் கறிக்கடையிலோ வெட்டித் தருவார்கள். முழுக்கோழி கட்டுப்படியாகாத வாரம் தொடை வாங்குங்கள். வெள்ளைக்காரர்கள் நெஞ்சுக்குத்தான் அடித்துக்கொள்கிறார்கள், நமக்கோ எலும்போடு உள்ள தொடைதான் வேண்டும். இந்த அதிர்ஷ்டத்தைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

சாயங்காலம் கடை மூடுவதற்கு முன் விலை குறைத்து மஞ்சள் சீட்டு ஒட்டுவார்கள். விலை அதிகமான ஆர்கானிக், ஃப்ரீ ரேஞ்ச் கோழிகள் விற்காமல் தங்கி அதில் சிக்குவது வாடிக்கை. அன்றைக்கே உறையவைத்துவிட்டால் ஒன்றும் ஆகாது. எந்தக் கடை எத்தனை மணிக்கு ஒட்டுகிறது என்று சில நாளில் பிடிபட்டுவிடும்.

கண்ணுக்குத் தெரியாத முட்டையையும் கறியையும் மறந்துவிடாதீர்கள். கேக், மயோனைஸ், நூடுல்ஸ், பொரித்த சிக்கன் துண்டுகள் எல்லாவற்றிலும் அது இருக்கிறது. சேர்மானப் பட்டியலில் 'ஃப்ரீ ரேஞ்ச் எக்' என்று இருந்தால் சரி, வெறும் 'எக்' என்றால் கூண்டாக இருக்க வாய்ப்பு அதிகம். எம் அண்ட் எஸ் போன்ற சில கடைகள் சேர்மானத்துக்கும் ஃப்ரீ ரேஞ்ச் முட்டையையே பயன்படுத்துகின்றன. மலிவான உறைந்த கோழித் துண்டுப் பைகளைத் திருப்பிப் பார்த்தால் போலந்து, தாய்லாந்து, பிரேசில் என்று இருக்கும். உணவகங்களில் பெரும்பாலும் கேட்காமல் யாரும் சொல்வதில்லை.

கடைசியாகச் சமையல். ஃப்ரீ ரேஞ்ச், ஆர்கானிக் கோழி நடந்து திரிந்த உடம்பு, கறி கெட்டியாக இருக்கும். பிராய்லருக்கு வைக்கும் நேரத்தில் இறக்கினால் ரப்பர் என்று வீட்டில் புகார் வரும். தயிரும் மஞ்சளும் உப்பும் பிசறி இரவே வைத்துவிட்டு, மூடி போட்டுச் சிறு தீயில் கூடுதலாக அரைமணி நேரம் விடுங்கள், அல்லது குக்கரில் ஓரிரு விசில் அதிகம் வையுங்கள். தமிழ்க் கடைகளில் 'ஹார்டு சிக்கன்' என்று விற்பது வேறு: முட்டையிட்டு ஓய்ந்த கோழி அது. குழம்புக்கு அபார ருசி, நாட்டுக்கோழி நினைப்பும் வரும். ஆனால் அது எந்த எண் முட்டை போட்ட கோழி என்று யாரும் எழுதி வைப்பதில்லை. அதற்கும் பெட்டியைக் காட்டச் சொல்லித்தான் கேட்க வேண்டும்.